கடைசி அரைச் சுற்று

டமார்!

இரண்டாவது முறையும் அதே பீப்பாய். உருண்டு போய்ப் பாறையில் முட்டி, காலி வயிறு அதிர்ந்து நின்றது.

கைவிடப்பட்ட கல்குவாரி அது. அதன் நடுத்தட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த பீப்பாய்களை வளைவாக நிறுத்தியிருந்தார்கள். மேலிருந்து இறங்கி வரும் ஜீப் அவற்றுக்கு நடுவே ஒரே மூச்சில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. திரும்பிய கையோடு செங்குத்துச் சரிவில் இறங்கி, கீழே தேங்கிய தண்ணீரைக் கடந்து, மறுகரை ஏற வேண்டும். மலை மீட்புக் குழுவின் ஜீப்பை ஓட்டுகிறவருக்கு இதுதான் பரீட்சை. நிஜமான மலைப்பாதையில் பீப்பாய் இருக்காது. அது நிற்கும் இடத்தில் பள்ளம் இருக்கும்.

ஜீப்பில் இருந்த அக்கா உடனே இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அந்நியரின் கையைப் பார்ப்பது போல.

மேலே, குவாரியின் விளிம்பில், அவளுடைய தம்பி நின்றிருந்தான். ஊரில் அவனுக்கு 'புரொபசர்' என்று பெயர். கல்லூரிப் பக்கம் போனவனில்லை. கார் அலங்காரக் கடை வைத்திருப்பவன். சீட் கவர், ஹார்ன், பனி விளக்கு, அலாய் வீல். மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டும் பைத்தியம் பிடித்தவர்கள் சாயங்காலமானால் அந்தக் கடையில்தான் கூடுவார்கள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து வகுப்பெடுப்பான். அதனால் வந்த பட்டம்.

பீப்பாய் உருண்டபோது மற்றவர்கள் 'அடடா' என்றார்கள். புரொபசர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். பீப்பாய் ஏன் உருண்டது என்று அந்தக் குவாரியிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"புரொபசரே, ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? அக்காவுக்கு இன்னொரு தடவை இருக்குல்ல?" என்றான் பக்கத்தில் நின்ற சீட்டி.

சீட்டி குழுவின் மாற்று ஓட்டுநர். எந்நேரமும் எதையாவது சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். போன வருடமே இதே பரீட்சையில் தேறியவன். அக்கா தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த மாதங்களில் ஜீப்பை அவன்தான் ஓட்டினான். இன்று அக்கா தோற்றால் ஜீப் அவனுக்கு நிரந்தரமாகப் போய்விடும். அக்கா ஒயர்லெஸ் அறையில் உட்கார்ந்து, மலையில் இருப்பவர்களிடம் 'ஓவர், ஓவர்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சீட்டிக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. காலையிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு சீட்டிகூட வரவில்லை.

கீழே, குழுத் தலைவர் ஜீப்பை நெருங்கினார். எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்பார்கள். எதற்குக் கேப்டனாக இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

"இறங்கும்மா. டீ குடி. அப்புறம் மூணாவது தடவை. அதுதான் கடைசி, தெரியும்ல?"

"தெரியும் கேப்டன்."

"கை வலிக்குதா?"

"வலி இல்ல. ஆனா கடைசி அரைச் சுற்று வரமாட்டேங்குது. முன்னாடியெல்லாம் இதே வளைவ ஒரே இழுப்புல எடுப்பேன். இப்ப பாதிலயே முட்டின மாதிரி நின்னுடுது. எனக்குத்தான் இழுக்கத் தெம்பில்ல."

குவாரியில் காற்றே இல்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பாறையில் பட்டு மேலே ஏறி வந்து புரொபசரின் காதில் விழுந்தது.

அந்தக் குறை அவனுக்குப் புதிதல்ல. போன வாரம் அக்கா வீட்டு வாசலிலேயே அதைக் கேட்டிருந்தான். சந்திலிருந்து வீட்டு கேட்டுக்குள் ஜீப்பைத் திருப்ப அவள் இரண்டு முறை பின்னால் எடுத்தாள். முன்பெல்லாம் ஒரு கையில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டே ஒரே வீச்சில் திருப்புவாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு "என்ன, கல்யாண ஊர்வலமா? மெதுவா வா, மெதுவா வா" என்று கிண்டலடித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"டேய், ஸ்டீரிங் முழுசா திரும்பாத மாதிரி இருக்குடா" என்றாள் தம்பியிடம்.

அந்த இடத்திலாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான்.

"புது டயர் அகலம்க்கா. கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். நீ அந்த பிசியோதெரபிய ஒழுங்கா பண்ணு. சோம்பேறித்தனம் பண்ணாத" என்றான்.

சொன்னது மட்டுமல்ல. தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேறு வந்தான்.

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மாமா வெந்நீர்ப் பையோடு பக்கத்தில் நின்றார். "மாப்ள, உங்கக்கா நடுராத்திரில எந்திரிச்சு கையைச் சுத்திட்டிருக்காப்பா. பேய் புடிச்சிருக்கோன்னு பயந்துட்டேன்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். புரொபசரும் சிரித்தான்.

சிரித்த வாயை இப்போது நினைத்தால் தைத்துவிடலாம் போல் இருந்தது.

விஷயம் இதுதான்.

ஒரு சக்கரத்தை அதன் அகலத்தில் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டுக்கோடுதான் நடு. சக்கரத்தை வண்டியின் அச்சோடு சேர்த்து நட்டு முடுக்கும் ஒரு முகம் உண்டு. அந்த முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் சரியாக நடுவில் இருந்தால் பூஜ்யம். வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் பிளஸ். அப்போது சக்கரம் வண்டிக்கு உள்ளே ஒடுங்கும். உட்பக்கமாகத் தள்ளி இருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே துருத்தும்.

புரொபசர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தான். பிளஸ் என்றால் கூடுதல். கூடுதல் என்றால் சக்கரம் வெளியே கூடுதலாக வரும். வருடக்கணக்காக இதையே ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். டீ தட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் விளக்கிக்கூடக் காட்டுவான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கடைக்கு வந்த சாதாரணக் கார்களுக்கெல்லாம் கம்பெனி போட்ட அதே ஆஃப்செட் உள்ள சக்கரத்தையே மாட்டியதால் அவன் வண்டவாளம் வெளியே வரவேயில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பப் போகிறாள் என்றதும் மீட்புக் குழுவின் ஜீப்புக்குத் தன் அன்பளிப்பாக நான்கு அலாய் வீலும் அகல டயரும் தருவதாக அறிவித்தான். பழைய இரும்புச் சக்கரங்களின் ஆஃப்செட் ஏறக்குறைய பூஜ்யம். 'சக்கரம் நல்லா வெளியே வந்து, கால் அகட்டி நிக்கிற பயில்வான் மாதிரி வண்டி நிக்கணும்' என்று சொல்லி, பிளஸ் முப்பத்தைந்து போட்டதை வரவழைத்தான்.

மாட்டிய அன்று குழுவின் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். டயர் அகலமானதால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கேப்டன் கைகொடுத்தார். புரொபசர் ஆஃப்செட் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினான். கைதட்டினார்கள். எல்லோரும் டீக்குப் போன பிறகு வண்டியில் ஏறி ஸ்டீரிங்கை இடப்பக்கம் கடைசிவரை இரண்டு தடவை திருப்பினான்.

சர்ர்ர்.

இறங்கிக் குனிந்து பார்த்தான். டயரின் உள்விளிம்பு பட்டை ஸ்பிரிங்கில் சாய்ந்திருந்தது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. நடுவில் போகும் பிரேக் ஹோஸையும் அது உரசிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். சக்கரம் வெளியே வரவில்லை. முப்பத்தைந்து மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

ஒரே நொடியில் டீ தட்டு, ஸ்டூல், சொற்பொழிவு, கைதட்டல் எல்லாம் வரிசையாக வந்து முகத்தில் அறைந்தன.

கொட்டகைக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. "தப்பு பண்ணிட்டேன், இது ஆகாது, பழைய சக்கரத்தையே மாட்டிடலாம்." வெளியே போய்ச் சொல்ல வேண்டியது இந்த ஒரே வரி. அந்த ஒரு வரி தொண்டைக்குள் மீன்முள் போல் குறுக்கே நின்றுகொண்டது.

முன்சக்கரங்களின் பக்கத்தில் ஸ்டீரிங் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் தடுப்பு போல்ட் உண்டு. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. அதைத் திருகி வெளியே நீட்டினால் ஸ்டீரிங் கடைசிவரை போகாது. முன்பே முட்டி நிற்கும். முட்டி நின்றால் டயர் உரசாது. டயர் உரசாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இரண்டு போல்ட்டையும் நீட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். ஒன்றிரண்டு நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி, சரியான சக்கரம் வரவழைத்து, சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அன்றே, ஓட்டிப் பழக, ஜீப்பின் சாவி அக்கா கைக்கு வந்தது. மறுநாளே பரீட்சைத் தேதியும் வந்தது.

இப்போது அவன் கண்முன்னால், அவன் நீட்டிய அந்தப் போல்ட்தான் அக்காவின் கடைசி அரைச் சுற்றைத் தின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் டீக்காகக் கூடாரத்துப் பக்கம் நகர்ந்தார்கள். ஜீப் பீப்பாய்களுக்கு முன்னால் தனியாக நின்றது.

புரொபசரின் மூளை வேலை செய்தது. வெட்கப்பட்டவனின் மூளை வேலை செய்கிற மாதிரியே செய்தது. அதாவது, இன்னொரு திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தது.

இடப்பக்கப் போல்ட்டை மட்டும் பழையபடி உள்ளே திருகிவிட்டால்? ஸ்டீரிங் முழுதாகத் திரும்பும். அக்கா தேறிவிடுவாள். டயர் ஹோஸை உரசும். உரசட்டும், ஒரே ஒரு திருப்பம்தானே? அதற்குள்ளேயா அறுந்துவிடப் போகிறது? சாயங்காலமே சக்கரத்தைக் கழற்றிவிடலாம்.

தான் ஏறி வந்த சீட்டியின் காரிலிருந்து ஸ்பேனரை எடுத்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டான். செருப்பு சத்தம் போடாமல் சரிவில் இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பல்லி மாதிரி ஜீப்பின் அடியில் நுழைந்தான்.

அடியில் இருட்டும் எண்ணெய் நாற்றமும். மல்லாந்து படுத்தபோது கல் ஒன்று முதுகில் குத்தியது. போல்ட்டை நகராமல் பிடித்திருந்த லாக் நட்டைத் தளர்த்தினான். போல்ட் மரைமரையாக உள்ளே இறங்கத் தொடங்கியது.

அப்போதுதான் பிரேக் ஹோஸ் கண்ணில் பட்டது. முதல் நாள் உரசிய இடம். மேல்ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் உள்நூல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு நாள், நின்ற வண்டியில் இரண்டு தடவை திருப்பியதற்கே இந்தக் கதி. இன்று ஓடும் சக்கரம். அதுவும் அந்தத் திருப்பம் முடிந்ததும் என்ன வருகிறது?

செங்குத்துச் சரிவு. பிரேக்கை நம்பியே இறங்க வேண்டிய சரிவு.

ஸ்பேனரை நிறுத்தினான். திருகலாமா? விடலாமா?

காலடிச் சத்தம். இரண்டு ஜோடிக் கால்கள் வந்து ஜீப்பின் முன்னால் நின்றன. ஒன்று கேப்டனின் பூட்ஸ். இன்னொன்று அக்காவின் கேன்வாஸ் ஷூ. ஜீப்பின் பம்பர் லேசாகக் கிறீச்சிட்டது. அக்கா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய குதிகால் அவன் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஆடியது.

அவன் ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"கேப்டன், மூணாவது தடவை வேணாம்" என்றாள் அக்கா.

"என்னம்மா பேசுற?"

"நீங்களா 'நீ வேணாம்'னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உங்களுக்கும் சங்கடம் இல்ல. எனக்கும் இல்ல. சாவிய சீட்டிகிட்ட குடுத்துடுங்க."

"அவசரப்படாத. ஒயர்லெஸ் அறையும் கவுரவமான வேலைதான், இல்லங்கல. ஆனா நீ அங்க உட்கார்ற ஆளா? கயித்துல தொங்குறவன் சத்தம் கேட்டுட்டு நீ நாற்காலில உட்கார்ந்திருப்பியா?"

"உட்கார்ந்துதான் ஆகணும். கை போச்சுன்னா போச்சுதான். யாரையாவது ஏத்திட்டு வரும்போது அந்த அரைச் சுற்று வராம போனா? நான் மட்டும் செத்தா பரவாயில்ல."

கேப்டன் தம்ளரை எடுத்தார். டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கவா? சக்கரம் மாத்தினதுக்கு அப்புறம்தானே இந்தப் பிரச்சினை? அதுல ஏதாவது..."

புரொபசர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கேப்டன்!" அக்காவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "சக்கரத்த பத்தி மட்டும் எதுவும் சொல்லாதீங்க. என் தம்பி போட்டது அது. மில்லிமீட்டர் கணக்கா அளந்து போடுறவன் அவன். பாவம், எனக்காக ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தான். என் கை விளங்காததுக்கு அவன் தலையில பழிய போடச் சொல்றீங்களா?"

"சரிம்மா, சரி. நான் ஒண்ணும் சொல்லல."

"அவன்கிட்டயும் இத கேட்டுடாதீங்க. மனசு உடைஞ்சுடுவான்."

ஜீப்பின் அடியில், அந்த மனசு உடையக்கூடியவன், வாயில் மண்ணோடு கிடந்தான்.

வழி திறந்துவிட்டது என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்கா மூன்றாவது முறை ஓட்டப் போவதில்லை. சரிவில் இறங்கப் போவதில்லை. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. போல்ட்டைப் பழையபடி நீட்டிவிட்டு, அவர்கள் போனதும் வெளியே வந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, அக்காவிடம் 'விடுக்கா' என்று ஆறுதல் சொல்லலாம். அடுத்த வாரம் சக்கரத்தை மாற்றிவிடலாம். சாகும்வரை யாருக்கும் தெரியாது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து 'ஓவர், ஓவர்' என்று சொல்வாள். தன் கையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தான். கால் சுற்றுத் திருகினான்.

மேலே அக்கா இருமினாள். பிறகு, சின்ன வயதில் கீழே விழுந்தால் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளே, அதே தொனியில், தன் வலது கையைத் தட்டிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"போ. நீ பட்டது போதும். உன்மேல கோபமில்ல."

கையிடம் பேசினாள்.

"அக்கா" என்றான் புரொபசர்.

கர்ஜனையாக வந்திருக்க வேண்டும். கோழிக்குஞ்சு கத்தினதுபோல் வந்தது.

பம்பர் குலுங்கியது. "யாரது?"

கூடாரத்திலிருந்து வந்துகொண்டிருந்த சீட்டி கத்தினான். "கேப்டன்! ஜீப் பேசுது!"

"அக்கா, கை இல்லக்கா. உன் கை இல்ல."

அக்காவின் முகம் பம்பருக்குக் கீழே தலைகீழாக வந்தது. முடி மண்ணில் புரண்டது. "டேய்! நீ இங்க என்னடா பண்ற? வெளிய வா!"

"வரமாட்டேன். நான் இங்கிருந்தே சொல்லிடறேன்."

"எருமை, வண்டி உருண்டா செத்துடுவ! வாடா வெளிய!"

"நீ கேளுக்கா முதல்ல. எந்திரிச்சு நின்னா என்னால சொல்ல முடியாது."

படுத்தபடியே சொன்னான். ஜீப்பின் அழுக்கு அச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிளஸ் என்றால் வெளியே என்று நினைத்ததை. சர்ர் சத்தத்தை. போல்ட்டை. ஹோஸை. டீ குடித்ததை. போன வாரம் வாசலில், தெரிந்தே, பிசியோதெரபி செய்யச் சொன்னதை. அந்த இடத்தில் மட்டும் நிறுத்தினான். காறித் துப்பிவிட்டுத் தொடர்ந்தான். இப்போது ஸ்பேனரோடு நுழைந்தது எதற்காக என்பதையும் விடவில்லை. பூட்ஸ்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. பூட்ஸ்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

சொல்லி முடித்தான்.

"வெளிய வா" என்றார் கேப்டன். அந்தக் குரலுக்கு மறுபேச்சு இல்லை.

ஊர்ந்து வெளியே வந்தான். எழுந்து நின்றான். சட்டை முழுக்கக் கிரீஸ். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தான். தரையில் அவர்களுடைய நிழல்கள் இருந்தன. அவற்றையும் பார்க்க முடியவில்லை.

கேப்டன் குனிந்து, டார்ச் அடித்து, ஹோஸைப் பார்த்தார். நிமிர்ந்தார். "இதோட அந்தச் சரிவுல இறங்கியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். பதிலை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டார். "இதே கணக்குல வேற எத்தனை பேருக்கு யோசனை சொல்லியிருக்கே?"

"ரெண்டு மூணு பேருக்கு சொல்லியிருக்கேன். இன்னும் மாட்டல. இப்பவே போன் பண்றேன்."

"பண்ணு. 'புரொபசர் பேசுறேன்'னே ஆரம்பி."

அடுத்தது அக்கா. அவன் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அடி விழுந்தால் நல்லது. விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப," என்றாள். "அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லயா?"

"இல்லக்கா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா. முழுசா நல்லா இருக்கு."

அக்கா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிர்ப்பக்கமும் சுற்றினாள். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "சீட்டி! பாருடா, கை நல்லா இருக்காம்டா!" என்று கத்தினாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தம்பியின் கிரீஸ் அப்பிய தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தக் கணம் அவனை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் முன்னால் நிற்பதற்குப் பதில் சரிவில் பிரேக் இல்லாமல் உருண்டிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

பழைய இரும்புச் சக்கரங்கள் அவன் கடையில்தான் இருந்தன. பழைய டயரோடேயே அடுக்கி, மேலே மெத்தை தைத்துப் போட்டு வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலாக்கி வைத்திருந்தான். போன் போட்டதும் மாமா தன் வேனில் போய் ஏற்றி வந்தார். மெத்தையோடேயே ஏற்றி வந்திருந்தார்.

"மாப்ள, சோபாவ எங்க இறக்கட்டும்?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. மாமா கிண்டல் செய்யாமல் விட்டது அன்றைக்குத்தான்.

கேப்டன் ஹோஸைப் புதிதாக மாற்றச் செய்தார். புரொபசர் இரண்டு தடுப்பு போல்ட்டுகளையும் எல்லோர் கண்முன்னாலும் பழைய அளவுக்கு உள்ளே திருகினான். மெத்தைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு நான்கு சக்கரங்களையும் மாட்டினான். ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஒவ்வொரு நட்டையும் முறுக்கினான். இடமும் வலமும் கடைசிவரை திருப்பிக் காட்டினான். சத்தமில்லை. உரசலில்லை.

"சரியா இருக்குக்கா. ஓட்டு" என்றான்.

அக்கா தலையாட்டினாள். ஆனால் இருக்கைப் பக்கம் போகவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள். முன்னால் இடச்சக்கரத்தின் அருகே குந்தினாள். அவன் முறுக்கிய முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. அந்தச் சக்கரம் முடிந்ததும் எழுந்து பின்சக்கரத்துக்குப் போனாள்.

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. தம்பி மாட்டியது என்றால் சாவியைத் திருப்பிப் போய்க்கொண்டே இருப்பாள்.

கோபமாகச் செய்யவில்லை. குத்திக்காட்டவும் செய்யவில்லை. ஓட்டுநர் செய்ய வேண்டிய வேலை என்பதுபோல், நிதானமாக, ஜீப்பை முழுதாகச் சுற்றி வந்தாள். புரொபசர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றான். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

பிறகு ஸ்பேனரைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு ஏறினாள்.

ஜீப் மேலிருந்து இறங்கியது. பீப்பாய்களை நெருங்கியது. அக்காவின் தோள் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. இடப்பக்கம், ஒரே இழுப்பு, கடைசி அரைச் சுற்றும் சேர்த்து. வெளிப்பீப்பாய்க்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த நொடி சரிவில் மூக்கைக் கவிழ்த்து இறங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகாக எழுந்தது. மறுகரையில் ஏறி நின்றது.

விளிம்பில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். சீட்டி இரண்டு விரலை வாயில் வைத்து, காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே சீட்டியாக அடித்தான். குவாரியே கிழிந்தது.

புரொபசரும் கைதட்டினான். எல்லோருக்கும் பின்னால் நின்று, சத்தம் வராமல்.

ஜீப் சுற்றிவந்து அவன் பக்கத்தில் நின்றது.

"ஏறுடா. கடைல இறக்கிவிடறேன்" என்றாள் அக்கா. பாதையைப் பார்த்தபடி சொன்னாள். "வழில அந்த ரெண்டு மூணு பேருக்கும் போன் பண்ணு. நானும் கேக்கணும்."

"சரிக்கா."

கதவைத் திறந்தான். இருக்கையில் ஸ்பேனர் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தள்ளி வைக்கவில்லை. அவன் எடுத்தான். பின்னால் போடக் கை போனது; போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, போனை எடுத்தான்.